கராத்தே, சிலம்பம் கிளாஸுக்கு மாசம் எவ்ளோ பீஸ் வாங்கலாம்?

புதுசா கிளாஸ் ஆரம்பிக்கிற பசங்க என்கிட்ட கேக்குற மொத கேள்வி இதான், அண்ணே மாசம் எவ்ளோ வாங்கலாம்னு. நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், உனக்கு மாசம் எவ்ளோடா செலவாகுதுன்னு. பாதிப் பேரு முழிப்பாங்க. பக்கத்துத் தெருவுல 600 வாங்குறாங்க, அப்ப நாம 500 போட்டா கூட்டம் இங்க வந்துரும்னு ஆரம்பிச்சிருப்பாங்க, ஆறு மாசம் கழிச்சு பாத்தா கூட்டம் இருக்கும், பையில காசு இருக்காது.

நம்ம ஆளுங்களுக்கு காசு கேக்க கூச்சம், அதுதான் பெரிய பிரச்சனை. எங்க ஆசான் காலத்துல வெத்தலை பாக்குல 11 ரூவா வச்சு, கால்ல விழுந்து, கம்பத் தொட்டுக் கும்பிட்டா முடிஞ்சது. அவருக்கு வயக்காடு இருந்துச்சு, நமக்கு வாடகை வீடுதான இருக்கு. கலையக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே மாசப் பீஸக் கம்மியா வச்சுட்டு, அப்புறம் பெல்ட் டெஸ்ட்டு, டிரஸ்ஸு, போட்டி, சர்டிபிகேட்டுன்னு வேற வழில கறந்துர்றாங்க பாருங்க, அதுதான் பெத்தவங்களுக்கு எரியுது. 500 ரூவா கிளாஸுன்னு சேத்தோம், வருசம் முடியறப்ப கணக்குப் போட்டா 16,000 ஆயிருச்சுன்னு ஒரு அம்மா என்கிட்டயே சொல்லிருக்காங்க, வேற கிளாஸ்ல இருந்து பையனக் கூட்டிட்டு வந்தவங்க. மாசம் 1000 ரூவா நேரடியா வாங்கிருந்தா அதவிடக் கம்மிதான்.

சரி, கணக்குக்கு வருவோம். மதுரை பக்கம் ஒரு சின்ன ஊருல, தகர ஷெட் போட்ட மொட்டை மாடில, வாரம் மூணு நாள் சாயங்காலம் கிளாஸ்னு வச்சுக்கங்க. இடத்துக்கு வாடகை 8000. கரண்டு 1200. சின்னப் பசங்கள பாத்துக்கிற அசிஸ்டன்ட் மாஸ்டருக்கு 6000 (சும்மா பெட்ரோலுக்கு வச்சுக்கடான்னு 1000 குடுத்து ஏமாத்தாதீங்க, அவன் அடுத்த வருசம் எதுத்தாப்ல கிளாஸ் போட்ருவான், பாதிப் பிள்ளைங்க அங்க போயிரும்). உங்க பெட்ரோல் 1800. மேட்டு, பேடு, கம்பு எல்லாம் தேயும், உடையும், அதுக்கு மாசம் 1500 ஒதுக்கி வைங்க, ஒதுக்கலன்னா மேட்டு கிழியுற அன்னைக்கு பெத்தவங்ககிட்ட நன்கொடை கேட்டு நிக்கணும். மருந்துப் பெட்டி, நோட்டீஸ், செல் ரீசார்ஜுன்னு சில்லறை ஒரு 500. ஆக 19,000. இதுல நம்ம சம்பளம் சேரல பாத்தீங்களா? முக்காவாசிப் பேரு அத எழுதவே மாட்டாங்க, மிச்சம் வந்தா நமக்குன்னு விட்ருவாங்க. எழுதுங்க. 25,000ன்னு வைப்போம். மொத்தம் 44,000.

இப்ப நோட்டுல 60 பேரு இருக்காங்கன்னு 60ஆல வகுத்தா 733 ரூவா வரும், 750 போட்டா போதும்னு தோணும். அங்கதான் கவுந்துருவீங்க. நோட்டுல இருக்கவன்லாம் பீஸ் கட்டுறவன் இல்ல. அரைப்பரீட்சை, முழுப்பரீட்சைன்னா பாதிப் பேரு நின்னுருவாங்க, மே மாசம் ஆத்தா ஊருக்குப் போயிருவாங்க, பத்தாவது பன்னெண்டாவது வந்துட்டா வீட்லயே நிறுத்திருவாங்க, இலவசமா வர்றவங்க வேற அஞ்சாறு பேரு. பழைய பீஸ் நோட்ட எடுத்து ஒரு வருசத்துக்கு, மாசா மாசம் உண்மையிலயே எத்தன பேரு கட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. 60 பேரு கிளாஸ்ல சராசரியா 45 வந்தாலே நல்ல கிளாஸு. 44,000த்த 45ஆல வகுத்தா 978, அப்ப 1000 ரூவா. மாசத்துக்கு 12 கிளாஸ்னா ஒரு கிளாஸுக்கு 83 ரூவா சொச்சம். பீஸ் அதிகம் மாஸ்டர்னு யாராச்சும் சொன்னா இந்த 83அ சொல்லிப் பாருங்க, பேச்சு மாறிடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு பழைய நோட்டு இருக்காது, நீங்க எதிர்பாக்குற ஆளுல முக்கால்வாசிய வச்சு வகுங்க.

கணக்குல வந்த தொகை ஊருக்கு ஒத்து வருமான்னும் பாக்கணும்ல. அதுக்கு பக்கத்து கராத்தே கிளாஸ மட்டும் பாக்காதீங்க, அதே தெருவுல பரதநாட்டியம், இந்தி டியூசன், அபாகஸ் எவ்ளோன்னு விசாரிங்க, ஏன்னா அந்த வீட்டுல அந்தக் காசுதான் சுத்துது. 1000 ரொம்ப அதிகம்னு பட்டா பீஸக் கொறைக்கறதுக்கு முன்னாடி செலவக் கொறைங்க. தனி இடத்துக்குப் பதிலா ஸ்கூல் கிரவுண்டு கேக்கலாம், இல்லன்னா அதே வாடகைல காலைல பெண்களுக்கு ஒரு பேட்ச் போடலாம்.

பெல்ட் டெஸ்ட்டு பத்தி என் கருத்து கொஞ்சம் கறார்தான். பெல்ட்டு, சர்டிபிகேட்டு, வெளிய இருந்து வர்ற எக்ஸாமினருக்கு குடுக்கறது, இந்த அசல் செலவு என்னவோ அத மட்டும் வாங்குங்க. டெஸ்ட்டுல லாபம் வச்சீங்கன்னா உங்களயும் அறியாம கட்டா (கராத்தேல வரிசையா செஞ்சு காட்டுற அசைவுகள்) சரியா வராத பையனையும் ஏத்தி விட்ருவீங்க, மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட்டுன்னு ஓடும், கடைசில பிளாக் பெல்ட்டு கட்டுன பையன் ஒழுங்கா ஒரு குத்தத் தடுக்கத் தெரியாம நிப்பான். போட்டிக்கும் அப்டித்தான், என்ட்ரி பீஸ், வேன் வாடகை, சாப்பாடுன்னு பிரிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருங்க, மிஞ்சுன 40 ரூவாயத் திருப்பிக் குடுத்துப் பாருங்க, அப்புறம் உங்க கணக்க யாரும் கேக்க மாட்டாங்க.

சிலம்பம் சொல்லிக் குடுக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. சிலம்பத்த தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சேத்ததுல இருந்து சர்டிபிகேட்டுக்காகவே சேக்குறவங்க இருக்காங்க. எல்லாப் போட்டி சர்டிபிகேட்டும் அதுக்குச் செல்லாது. அத சேக்கும்போதே சொல்லிருங்க, வேலை கெடைக்கும்னு ஆசை காட்டி பீஸ ஏத்தாதீங்க.

அடுத்து லீவு. "மாஸ்டர், தம்பி இந்த மாசம் நாலு நாள்தான் வந்தான், பாதி பீஸ் கட்டட்டுமா?"ன்னு ஸ்கூட்டிய ஆப் பண்ணாமலே கேப்பாங்க. நம்ம உடனே வழிஞ்சுக்கிட்டு சரிங்கக்கான்னுருவோம், மறுநாள் அது குரூப்பு பூரா தெரிஞ்சுரும். நான் இப்ப வச்சிருக்கற வழக்கம் என்னன்னா, இடைல லீவு போட்டா கழிவு கெடையாது, ஏன்னா வாடகை லீவு போடல. முழு மாசம் வரலன்னா, முன்னாடியே சொல்லிருந்தா அந்த மாசத்துக்கு ஒண்ணும் வேணாம். கிளாஸ்ல அடிபட்டு நின்னா மொத்தமும் கழிவு, அதுல பேச்சே இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தா ரெண்டாவது ஆளுக்கு 250 கொறைச்சு. வருசப் பீஸ் மொத்தமா வாங்காதீங்க, வாங்குன காசு ரெண்டே மாசத்துல செலவாயிரும், மிச்சப் பத்து மாசம் சும்மா சொல்லிக் குடுக்கற மாதிரியே இருக்கும்.

முடியாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு எத்தன இடம்னு முன்னாடியே முடிவு பண்ணி கணக்குல சேத்துருங்க. எனக்கு அஞ்சு. யாருன்னு எனக்கும் அவங்க வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும், இலவசமா வர்றவன்தான மேட்ட எடுத்து வைக்கட்டும்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இத நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். நாலஞ்சு வருசம் முன்னாடி வரிசைல நிக்க வச்சு ஒரு பையன்கிட்ட பீஸ் எங்கடான்னு கேட்டுட்டேன். கையில இருந்த கம்ப சுவத்துல சாச்சு வச்சுட்டு, செருப்பத் தேடி மாட்டிக்கிட்டுப் போனவன்தான். அவங்கப்பா ஆட்டோ எப்சிக்கு (வண்டி தகுதிச் சான்றுக்கு) ஓடாம நின்னுருந்த மாசம் அதுன்னு பின்னாடி தெரிஞ்சது. பிள்ளைங்ககிட்ட பீஸ் கேக்காதீங்க, பெத்தவங்களுக்கு 5ஆம் தேதி ஒரு மெசேஜ், 12ஆம் தேதி ஒரு போன், அவ்ளோதான்.

வரியப் பத்தியும் கேக்குறாங்க. வருச வரவு 20 லட்சத்தத் தாண்டுனா ஜிஎஸ்டி பதிவு பண்ணணும், அறக்கட்டளையா இல்லாம நடத்துற கிளாஸுக்கு 18 சதவீதம். மேல சொன்ன கிளாஸ் அதுக்குக் கிட்டயே வராது, மூணு நாலு பிராஞ்ச் போடுறவங்க மட்டும் ஆடிட்டரப் பாத்துட்டு பீஸ் முடிவு பண்ணுங்க.

பீஸ் ஏத்தறத ஜூன்ல வைங்க, ஆனா ஏப்ரல்லயே சொல்லிருங்க. ஸ்கூல் பீஸ் கட்டி நொந்து போயிருக்கற நேரத்துல திடீர்னு சொன்னா கோவம் வரத்தான் செய்யும். புதுசா சேர்றவங்களுக்கு ஜூன்ல இருந்தே புது பீஸு, பழைய பிள்ளைங்களுக்கு ஆயுத பூஜை வரைக்கும் பழைய பீஸுன்னு விட்டா யாரும் பெருசா மொணங்க மாட்டாங்க. போன தடவ 800ல இருந்து 1000 ஆக்குனப்ப வாடகை எவ்ளோ ஏறுச்சுன்னும் சேத்தே போட்டேன். மூணு பேரு நின்னாங்க. அதுல ஒருத்தன் விஜயதசமி அன்னைக்கு வெத்தலை பாக்கோட திரும்ப வந்து நிக்கறான், தட்டுல 101 ரூவா, அடில மடிச்சு வச்ச ரெண்டு ஐநூறு.