லித்தாப்ஸின் பழைய இலைகள் வாடாமல் நின்றபோது

லித்தாப்ஸ், தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சரளைக்கற்களுக்கு நடுவே கல்லென்றே தோன்றும்படி வளரும் சிறிய சதைப்பற்றுச் செடி. 1811இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வில்லியம் பர்ச்செல் அதை விசித்திரமான கூழாங்கல் என்று எண்ணித்தான் கையில் எடுத்தார்.

நான் நர்சரியில் வாங்கிய செடியில் புதிய இலைச்சோடி வெளிவந்த பின்னும் பழைய சோடி தடித்தே நின்றது. பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரை உறிஞ்சியே புதியவை வளர வேண்டும்; பழையவை காகிதம் போன்ற உறையாகச் சுருங்கிவிட வேண்டும். அப்படிச் சுருங்கவில்லையென்றால் வேருக்கு வெளியிலிருந்து நீர் கிடைக்கிறது என்று பொருள். தொட்டியைக் கவிழ்த்தேன். மேலே அலங்காரக் கூழாங்கற்கள். அடியில் முழுவதும் தென்னைநார்க் கழிவு, அதுவும் பிழிந்தால் சொட்டும் ஈரத்துடன். (விற்பவர்களுக்கு அது எடை குறைவு, விலையும் குறைவு.)

நார்க்கழிவை மென்மையான பழைய பல்துலக்கியால் தட்டி நீக்கி, கருத்த வேர்நுனிகளைக் கத்தரித்து, செடியை நிழலில் நன்றாக உலரவிட்ட பிறகு, சலித்த செங்கல் சில்லும் பருமணலும் பெரும்பங்காகக் கலந்த ஆழமான மண்தொட்டியில் நட்டு, காலை வெயில் விழும் இடத்தில் வைத்தேன். பழைய இலைகளைக் கையால் பிய்த்தெடுக்கக் கூடாது. காயம்பட்ட இடத்தில் அழுகல் எளிதில் தொடங்கிவிடும். நீரை அடியோடு நிறுத்தியதும் அவை ஓரங்களில் சுருக்கம் விழுந்து மெல்ல வற்றின.

இப்போது புதிய இலைகளின் பக்கவாட்டில் சுருக்கம் தெரிந்தால் மட்டுமே தொட்டி முழுதும் நனைய ஊற்றுகிறேன். செடி உறங்கும் கடுங்கோடையில் அதுவும் இல்லை.