பூட்டான் துணியில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கிஷுதரா என்ற பூட்டானியப் பூவேலைப் பட்டுத் துணியை முதன்முதலில் பார்க்கும் எவரும் எம்பிராய்டரி என்றுதான் சொல்வார்கள். பட்டின்மேல் பூவும் கட்டமும் அவ்வளவு எடுப்பாக நிற்கும். ஆனால் அவற்றில் ஒரு தையல்கூடக் கிடையாது, முழுக்கத் தறியிலேயே விழுந்தவை. துணிக்கான ஊடை (குறுக்கு நூல்) ஒரு பக்கம் ஓட, பூவுக்கான வண்ண நூலை அந்தந்த இடத்தில் மட்டும் கையால் பாவு (நெடுக்கு நூல்) இழைகளுக்கு இடையே கோத்து, சில இடங்களில் சுற்றி, வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். சங்கிலித் தையல் போலத் தெரிவது அப்படிச் சுற்றிய நூல்தான்.

லுன்ட்சே மாவட்டத்தின் கோமா கிராமம் இதற்குப் பேர்போனது. நெசவு செய்பவர்கள் பெண்கள். தறியின் ஒரு முனையைப் பட்டையால் இடுப்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்து, உடம்பைப் பின்னால் சாய்த்தே பாவை விறைப்பாக வைக்கிறார்கள். பெண்கள் உடுத்தும் கிரா ஒன்றை நெருக்கமான வேலைப்பாட்டோடு நெய்யப் பல மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. எம்பிராய்டரி என்று நினைத்துக்கொண்டு விலை பேசினால் அந்த மாதங்கள் கணக்கிலேயே வராது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான்.

அடுத்தது, இணைப்பைக் குறை என்று நினைப்பது. கிரா என்பது பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் நீள்சதுரத் துணி. இடுப்புத் தறியில் அவ்வளவு அகலம் வராது. அதனால் மூன்று பட்டிகளைத் தனித்தனியாக நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். "நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறதே" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, கைத்தறியை எப்படிக் கண்டுபிடிப்பது? துணியைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போகும் விசைத்தறி நகல்கள் பூட்டான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் பின்பக்கமாக நீள ஓடியிருக்கும், அல்லது வெட்டிவிட்ட நுனிகள் தெரியும். கையால் போட்ட பூவில் நூல் அந்தப் பூவுக்குள்ளேயே திரும்பிவிடும். நகல் வாங்குவதில் தப்பில்லை, தினசரி உடுப்புக்குப் பூட்டான் மக்களே அதை வாங்குகிறார்கள். நகல் என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் பட்டின் பளபளப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புரா என்ற அவர்களுடைய பட்டு மங்கலாகத் தெரியும். சற்றே சொரசொரப்பாகவும் இருக்கும். தரம் குறைவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது ‘எரி’ (eri) என்ற வகைப் பட்டு. உயிரைக் கொல்லக் கூடாது என்ற பௌத்த எண்ணத்தால், அந்துப்பூச்சி வெளியேறிய பிறகே கூட்டை எடுப்பது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட கூட்டிலிருந்து ஒரே நீள இழை வராது, பஞ்சைப் போல நூற்றுத்தான் நூலாக்க வேண்டும். மங்கலும் சொரசொரப்பும் அதனால் வருபவை. டிராஷிகாங் மாவட்டத்து ராதி, புரா நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கம்பளி வேண்டும் என்றால் பும்தாங் பக்கம் சுமே பள்ளத்தாக்கின் யத்ராவைக் கேளுங்கள்.

அப்புறம், ஆண்கள் அணியும் கோ. அதைத் திபெத்திய உடை என்றோ கிமோனோ என்றோ சொல்லிவிடுகிறோம். 17ஆம் நூற்றாண்டில் பூட்டானை ஒன்றாக்கிய ஷப்துரங் நகவாங் நம்கியால் காலத்தில், திபெத்தியரிடமிருந்து வேறுபட்டுத் தெரியவே இந்த உடை ஏற்பட்டது என்பது மரபு. வாடகைக்கு வாங்கி உடுத்துகிறவர்கள் அதைக் கணுக்கால்வரை தொங்க விடுகிறார்கள். கோ உடையை முழங்கால்வரை உயர்த்தி, கெரா என்ற இடைக்கச்சையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பை போல மடிப்பு விழும். முன்பு உணவுக் கிண்ணமும் கத்தியும் இருந்த அந்த மடியில் இப்போது பர்ஸும் போனும் இருக்கின்றன.

கப்னே விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஆண்கள் இடது தோளிலிருந்து குறுக்கே போடும் இந்த நீண்ட துணியின் நிறம், போட்டிருப்பவரின் பதவியைச் சொல்லும். மஞ்சள் மன்னருக்கும் தலைமைத் துறவியான ஜே கென்போவுக்கும் உரியது. அமைச்சருக்கு ஆரஞ்சு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலம், நீதிபதிக்குப் பச்சை, டாஷோ என்ற அரச கௌரவப் பட்டம் பெற்றவருக்குச் சிவப்பு, சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை. படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று மஞ்சளைத் தோளில் போடுவது அவமரியாதை. ஜோங் எனப்படும் கோட்டை மடத்துக்குள் போக வெளிநாட்டவர் கோ, கப்னே அணிய வேண்டியதில்லை. கைகால் மூடிய உடையில், தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனால் போதும்.

பூட்டான் என்றாலே எல்லோரும் கோவும் கிராவும்தான் என்று எழுதுவதும் தவறு. கிழக்கே மெராக், சாக்தெங் பகுதிகளில் வாழும் புரோக்பா மக்களுக்குத் தனி உடை உண்டு. அவர்களுடைய யாக் ரோமத் தொப்பியிலிருந்து ஐந்து வால்கள் தொங்கும், மழைநீர் முகத்தில் வழியாமல் அவை வழியே சொட்டிவிடும். தெற்கே நேபாளி பேசும் லோட்ஷம்பாக்களின் பாரம்பரிய உடையும் வேறு. 1989இல் கோவும் கிராவும் அரச ஆணையால் அவர்களுக்கும் கட்டாயமானபோது, குடியுரிமைச் சிக்கலோடு அதுவும் ஒரு மனக்காயமாகச் சேர்ந்தது. 1990களில் அவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நேபாளத்து அகதி முகாம்களில் இருந்தார்கள். அந்த உடையின் அழகைப் பற்றி எழுதும்போது இதையும் விடாமல் எழுத வேண்டும்.