சீனத் தேயிலையும் பழங்கெண்டியும் தேடிச் செல்வோருக்கு

சீனாவுக்குத் தேயிலையையும் பழைய தேநீர்க் கெண்டிகளையும் நாடிப் புறப்படுகிறவர்கள், இரண்டையும் வெவ்வேறு வேலைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தேயிலையை அது விளையும் ஊரில், பறிக்கும் பருவத்தில் குடித்துப் பார்த்து வாங்குவதே முறை. பழங்கெண்டிகளைப் பெருநிலச் சீனாவில் கண்ணாரப் பார்க்கலாம், அவற்றைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம். வாங்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். 1911-க்கு முற்பட்ட தொல்பொருள்களை அந்நாடு வெளியே விடுவதில்லை. 1949-க்கு முற்பட்டவற்றிலும் மதிப்புடையவற்றுக்குத் தடை உண்டு. அனுமதி பெற்ற பழம்பொருளில் சிவப்பு அரக்கு முத்திரையும் கூடவே ஏற்றுமதிச் சான்றிதழும் இருக்கும். ஆகவே, பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் சந்தையில் ஒருவர் சிங் அரச காலத்துக் கெண்டி என்று சொல்லி ஒன்றை நீட்டினால், அது போலியாக இருக்கும். உண்மையானதாக இருந்தாலோ சுங்கத்தில் பறிபோகும்.

வழியை ஹாங்காங்கில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. 1846-இல் கட்டப்பட்ட ஃபிளாக்ஸ்டாஃப் மாளிகையில் 1984 முதல் தேநீர்ப் பாத்திரங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இயங்குகிறது. விட்டாசாய் நிறுவனத்தைத் தோற்றுவித்த லோ குவீ சியோங் திரட்டிய, யீஷிங் என்னும் ஊரின் மண் கெண்டிகளே அதன் அடித்தளம். உண்மையான பழைய கெண்டியின் அளவும், மூக்கும் கைப்பிடியும் உடலோடு சேரும் விதமும், மண்ணின் அடங்கிய மினுமினுப்பும் மனத்தில் பதியும்வரை அங்கே நின்று பாருங்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஹாங்சோ செல்லலாம். ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த லோங்ஜிங் என்னும் அவ்வூர்ப் பச்சைத் தேயிலைத் தளிருக்கே விலை அதிகம். அதற்குப் பின் இரண்டு வாரங்களில் பறித்தது விலை குறைந்தது, சுவையிலோ சற்று அழுத்தமானது, தினமும் குடிக்க அதுவே போதும். மெய்ஜியாவூ கிராமத்தில் சூடான இரும்புச் சட்டியில் வெறுங்கையால் இலையை அழுத்தி அழுத்தித் தட்டையாக்கி வறுப்பதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து அதிவேக ரயிலில் யீஷிங் அருகில்தான். டிங்ஷு நகரப் பட்டறைகளில் சக்கரம் இல்லாமலே கெண்டி உருவாகிறது: மண்ணைத் தட்டிப் பலகையாக்கி, வளைத்து உருளையாக இணைத்து, மரத்தட்டையால் சுற்றிலும் மெல்ல அடித்து வயிற்றைக் குறுக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்த இணைப்புத் தடம் பெரும்பாலும் கைப்பிடிக்குப் பின்னால், உட்புறச் சுவரில் தெரியும். அச்சில் வார்த்த கெண்டியில் அது இருக்காது. பழைய கெண்டிகளில் மூக்கு உடலோடு சேரும் இடத்தில், உட்புறம், பெரும்பாலும் ஒரே துளைதான் இருக்கும். இவை இரண்டையும் போலி செய்பவர்களும் அறிவார்கள் என்பதால், கெண்டியின் மேல் கொதிநீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள். பழமை காட்டப் பூசிய செருப்பு மெழுகின் வாடை அப்போது கிளம்பிவிடும். அடியிலுள்ள முத்திரையை நம்ப வேண்டாம். கூ ஜிங்சோ (1915–1996) போன்ற பெருங்கலைஞர்களின் முத்திரைகளே அதிகம் போலி செய்யப்படுகின்றன. இங்கே வாங்க வேண்டியது, செய்தவரின் கையிலிருந்தே பெறும் ஒரு புதுக் கெண்டி.

மே மாதத் தொடக்கத்தில் ஃபூஜியான் மாகாணத்தின் வூயி மலையில் பாறைத் தேயிலை (பாறை நிலத்தில் விளையும் ஊலாங் வகை) பறிப்பு நடக்கும். அறுவடையைப் பாருங்கள், வாங்கும்போது முந்தைய ஆண்டுத் தேயிலையைக் கேளுங்கள், ஏனென்றால் கரிநெருப்பில் வாட்டிய புதுத் தேயிலையின் சூடு அடங்கிச் சுவை தெளிய மாதங்கள் ஆகும். தா ஹோங் பாவ் என்பது பாறைத் தேயிலைகளில் புகழ்பெற்றது; அதன் தாய்ச்செடியில் பறித்தது என்று யார் விற்றாலும் விலகிவிடுங்கள்: அந்த ஆறு தாய்ச்செடிகளிலிருந்து பறிப்பது 2006-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

யுன்னான் மாகாணத்தின் பூஅர் வில்லைகளில், அதாவது அழுத்தி வில்லையாக்கிப் பல ஆண்டுகள் வைத்துப் பழக்கும் தேயிலையில், வேறொரு கண்ணி உண்டு. 357 கிராம் வில்லையின் உறையில் 7542 என்றிருந்தால், முதல் இரண்டு எண்கள் கலவை வகுக்கப்பட்ட 1975-ஐக் குறிப்பவை. இலை பறித்த ஆண்டைக் குறிப்பவை அல்ல. அடுத்த 4 இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாய் ஆலை. உறையில் அச்சான தேதியைவிட, நனைந்த இலையை விரலால் பிரித்துப் பார்ப்பது அதிகம் சொல்லும்: நெகிழ்ந்து முழுமையாக விரிந்தால் நல்லது, கறுத்துக் கல்லாகிப் பூஞ்சை வாடை அடித்தால் ஈரத்தில் கெட்டது.

எங்கே சுவைத்தாலும் வெண்பீங்கானில் செய்த மூடிக் கிண்ணத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். யீஷிங்கின் சீஷா மண்ணில் செய்த கெண்டி தேநீரின் குறையை மறைத்து மென்மையாக்கிவிடும். பீங்கான் எதையும் மறைக்காது. வாங்கிய இலையைக் காற்றுப்புகாத பொட்டலங்களில் கட்டி, எடுத்துச்செல்லும் நாட்டின் தாவரப்பொருள் விதிகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழங்கெண்டியை வாங்கியே தீர வேண்டுமென்றால், திரும்பும் வழியில் ஹாங்காங்கின் ஏலங்களிலோ பழம்பொருள் வணிகரிடமோ, முந்தைய உரிமையாளர் விவரத்தோடு வாங்குங்கள். அதைத் தூக்கிக்கொண்டு மீண்டும் பெருநிலத்துக்குள் நுழைய வேண்டாம். சுங்கத்தில் அறிவித்துப் பதியாமல் கொண்டுபோனால், அதே பொருளை வெளியே எடுத்துவருவது கடினமாகிவிடும்.