பாலைவனத்தில் சோலார் தகடு துடைக்கும் முறை

சோலார் வேலைக்கு வளைகுடா போக ஆயத்தமாகும் மட்டக்களப்புத் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். அபுதாபி மணலில் நான்கு வருடம் தகடு துடைத்தவன் நான்.

அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. துபாய்க்குத் தெற்கே 2013இல் 13 மெகாவாட்டுடன் தொடங்கிய சோலார் பூங்கா இன்று 2000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அபுதாபியின் சுவைஹான் நிலையத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தகடுகள். இவ்வளவையும் மங்க வைப்பது தூசி. அதனால் துடைக்கிறவனின் வேலையைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் நேரத்தைப் பழகுங்கள். பாலைவனத்திலும் பனி இறங்கும். கடல் ஈரம் உள்ளே வரும் இரவுகளில் விடியும்போது தகடு நனைந்தே கிடக்கும். தூசி அதில் குழைந்துவிடும். வெயில் ஏறியதும், கச்சான் என்னும் வறண்ட காற்றடித்த வயற்சேறுபோல் கண்ணாடியோடு இறுகிவிடும். பிறகு விரலால் தேய்த்தால் வராது. சுரண்டினால் கண்ணாடியின் மேற்பூச்சு போய்விடும். ஆகவே பொழுது பட்டதும், பனி இறங்குவதற்கு முன், உலர்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். அழுத்த வேண்டாம்.

பெரிய நிலையங்களில் வரிசை நெடுக ஓடும் இயந்திரத் தூரிகைகள் தண்ணீரில்லாமலே இதைச் செய்கின்றன. அவை ஓடி முடிந்த பிறகு தகட்டின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள். சட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்குத் தூசி தங்கியிருக்கும். உள்ளே மின்சாரம் தரும் சிறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், சில கலங்கள் மறைந்தாலே அந்தத் தொடர் முழுவதும் தளரும். மறைந்த கலம் சூடேறிக் கருகவும் கூடும். பறவை எச்சமும் அப்படித்தான். நான் இடுப்பில் ஒரு பருத்தித் துணியைச் செருகிக்கொண்டே நடப்பேன்.

நண்பகலில் தண்ணீர் ஊற்றவே கூடாது. என்னோடு நின்ற ஒரு பொடியன் அவசரத்தில் ஊற்றினான். படீரென்ற ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் கற்கண்டாக நொறுங்கி நின்றது. அவனுடைய முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகட்டின் திறனை 25 பாகை செல்சியஸில்தான் அளக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். தகட்டுக்குப் பின்னால் காற்றோட்டத்தை மறித்து எதையும் அடுக்காதீர்கள்.

ஊரில் கல்லடிக் கடற்கரையோரம் அக்கா வீட்டுக் கூரையிலும் இப்போது தகடுகள் இருக்கின்றன. மாரியில் மழையே கழுவிவிடுகிறது. கச்சான் மாதங்களில் தூசியோடு உப்பும் படிகிறது. உப்பு உலர்ந்த தூரிகைக்கு மசியாது, தண்ணீர் வேண்டும். அங்கே கிணற்று நீர் உவர். காய்ந்தால் வெள்ளைத் தழும்பு விடும். அதனால் பீப்பாயில் பிடித்து வைத்த மழைநீரையே எடுக்கிறேன். நம்மூருக்குப் பத்துப் பாகைச் சரிவாவது வைத்தால் தண்ணீர் தேங்காமல் வழியும்.

சூரியன் உதிக்க முன் கழுவி முடியுங்கள். வெளிச்சம் பட்டதும் தகட்டில் மின்சாரம் பிறந்துவிடும். பிரதான சுவிட்சை அணைத்தாலும் அது நிற்காது. அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் மேலே ஏறவே வேண்டாம். நீளக் கம்பில் தூரிகையைக் கட்டி, ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதில் நின்றபடியே கழுவுங்கள்.