குறுவிடை வினா அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையவழிக் கற்பித்தலுக்கான மூடில் (Moodle) தளத்தில் முதன்முறையாக இணையத்தேர்வு அமைக்கும் ஆசிரியர்கள் சிலரின் வினா வங்கியை அண்மையில் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர்கள் எழுதியிருந்த குறுவிடை வினாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே வேறு பாடங்களின் பெயரில் வரிசையாக வந்தன. வினாவில் எழுத்துப்பிழை விடுவது, மதிப்பெண்ணைக் குறிக்க மறப்பது போன்றவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. முன்னோட்டம் பார்த்தாலே அவை அகப்பட்டுவிடும். முன்னோட்டத்தில் ஒழுங்காகத் தோன்றி, தேர்வு முடிந்த பிறகு தலைவலி கொடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

விடைக்கு ஒரே வடிவம்தான் என்று நினைப்பது

குறுவிடை வினாவைத் திருத்தும்போது கணினி பொருளைப் பார்ப்பதில்லை. மாணவர் தட்டச்சு செய்த எழுத்துகளையும் நாம் விடையாகக் கொடுத்த எழுத்துகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. "ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் வெளியிடும் வாயு எது?" என்று ஒருமுறை கேட்டு, "ஆக்சிஜன்" என்ற ஒரே விடையைக் கொடுத்திருந்தேன். ஆக்ஸிஜன், ஆக்சிசன், ஆக்ஸிஜென், உயிர்வளி, உயிர்வாயு, பிராணவாயு, "ஆக்சிஜன் வாயு" என்று எழுதிய அத்தனை பேருக்கும் சுழியம் விழுந்தது. வகுப்பே திரண்டு வந்து முறையிட்டது. அவர்கள் பக்கம் முழு நியாயமும் இருந்தது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. நம் விடையைக் காட்டாமல், உடன் பணிபுரிவோர் இரண்டு மூன்று பேரிடம் வினாவை மட்டும் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும். நமக்குத் தோன்றாத வடிவங்களில் பாதி அங்கேயே வந்துவிடும். அல்லது வினாவையே இறுக்கி, "வேதிக் குறியீட்டால் எழுதுக" என்று கேட்க வேண்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதா வேண்டாமா என்பதையும் வினா எழுதும்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது. அறிவியல் தேர்வில் "ஆக்ஸிஜென்" என்று எழுதியவருக்குச் சுழியம் கொடுப்பது எனக்கு ஒப்புவதில்லை.

நட்சத்திரக்குறியை வலைபோல் வீசுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். மேலே சொன்ன முறையீட்டைத் தீர்க்க நான் இதைத்தான் செய்தேன். புதியவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

மூடில் குறுவிடையில் நட்சத்திரக்குறி எந்த எழுத்துக்கும், எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். எதுவுமே இல்லாத இடத்திலும் நிற்கும். ஆக்ஸிஜன், உயிர்வளி போன்ற வடிவங்களைத் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, பிராணவாயு, உயிர்வாயு என்று ஒவ்வொன்றாக எழுதுவானேன் என்று எண்ணி, "*வாயு" என்ற ஒரே வரியை நூறு விழுக்காட்டு விடையாகச் சேர்த்து, எல்லா விடைத்தாள்களையும் மறுமதிப்பீடு செய்தேன். முறையிட்டவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது, வகுப்பு அமைதியானது, நானும் நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து, திருப்புதல் வகுப்பு ஒன்றில், ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் கரியமிலவாயுவை வெளியிடுகின்றன என்று ஒரு மாணவர் அடித்துச் சொன்னார். மறுத்தபோது, "தேர்வில் சரி என்றுதானே வந்தது?" என்று கேட்டுத் திரையைக் காட்டினார். கரியமிலவாயுவும் "வாயு" என்றுதானே முடிகிறது. தாவரம் உள்ளே எடுத்துக்கொள்ளும் வாயுவை வெளியிடும் வாயு என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும், பச்சை நிறச் சரிக்குறியும், நான் எழுதி வைத்திருந்த பாராட்டு வாசகமும் போய்ச் சேர்ந்திருந்தன.

மதிப்பெண் குறைந்தால் மாணவர் அன்று மாலையே வந்து நிற்பார். தகாத மதிப்பெண் கிடைத்தவர் வரமாட்டார். ஆகவே முதல் பிழை ஒரே நாளில் தெரிந்தது, அதைத் திருத்தச் செய்த பிழை மூன்று வாரம் உறங்கியது. மதிப்பெண்ணைப் பிறகு திரும்பப் பெற்றுவிட்டேன். தவறான கருத்தைத் தேர்வே உறுதிசெய்துவிட்ட பிறகு அதை அவர்கள் மனத்திலிருந்து அகற்ற எனக்கு ஒரு முழு வகுப்பு வேண்டியிருந்தது.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் புணர்ச்சியில் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. நான் சரிபார்த்த வங்கியில், வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து எதை உறிஞ்சுகின்றன என்ற வினாவுக்கு "*நீர்*" என்று விடை கொடுத்திருந்தார் ஒருவர். இந்த வலையில் "வெந்நீர்" விழும், "சிறுநீர்" விழும். பெரும்பாலான மாணவர்கள் எழுதக்கூடிய "தண்ணீர்" மட்டும் விழாது, ஏனெனில் அதில் இருப்பது "ணீர்". இன்னொருவர் உணவை மெல்லும் உறுப்புக்குப் "பல்*" என்று கொடுத்திருந்தார். அது பல்லியை ஏற்கும், பற்களை ஏற்காது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் மறுநாள் தேர்வுக்குப் போகவிருந்த வினாக்கள்.

இருபுறமும் நட்சத்திரம் போட்டால் மறுப்பும் உள்ளே வந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. "*ஆக்சிஜன்*" என்பது, "ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜன்" என்ற விடையையும் சரி என்று ஏற்கும்.

இப்போது நான் விடை வடிவங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறேன். பத்து வரிகள் ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் வழக்கமாக எழுதும் தவறான விடைகளையும் சுழிய மதிப்பெண்ணுடன் சேர்த்து, அவற்றுக்கென்று தனிப் பின்னூட்டம் எழுதுகிறேன். கரியமிலவாயுவுக்கு நேரே, "அது ஒளிச்சேர்க்கைக்காகத் தாவரம் உள்வாங்கும் வாயு" என்று ஒரு வரி இருக்கும். நட்சத்திரக்குறியை ஒரே இடத்தில்தான் அனுமதிக்கிறேன்: எல்லா விடைகளுக்கும் கீழே, தனியாக, சுழிய மதிப்பெண்ணுடன். மேலே எதிலும் பொருந்தாத விடைகள் அங்கே வந்து சேர்ந்து, பொதுவான பின்னூட்டம் ஒன்றைப் பெறும். விடையிலேயே நட்சத்திரக்குறி ஓர் எழுத்தாக வர வேண்டுமானால், அதற்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும்.

விடைகளின் வரிசையைப் பொருட்படுத்தாமல் விடுவது

பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விடையின் மதிப்பெண்ணையே மூடில் வழங்குகிறது. பாதி மதிப்பெண்ணுக்கு உரிய பொதுவான விடையை மேலே வைத்து, முழு மதிப்பெண்ணுக்கு உரிய துல்லியமான விடையைக் கீழே வைத்தால், துல்லியமாக எழுதியவருக்கும் பாதிதான் கிடைக்கும்.

எண்ணைக் குறுவிடையாகக் கேட்பது

9.8 வேறு, 9.80 வேறு என்று கணினி சொல்லும். விடை எண்ணாக இருந்தால் எண்வினா வகையைப் பயன்படுத்துங்கள். ஏற்கத்தக்க பிழை வரம்பையும் அதில் குறிக்கலாம்.

ஒரே பெட்டியில் இரண்டு விடைகள் கேட்பது

வேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்று என்று நம்புவது

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் (Unicode) "ொ" என்ற குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டுகளாகவும் சேமிக்கலாம். ஒப்பிடுமுன் மூடில் இவ்விரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் இதில் சிக்கலில்லை. சிக்கல் "ௌ" குறியில் இருக்கிறது. அசோகர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்று கேட்டால், மாணவர்களில் ஒரு சாரார் "மௌரியர்" என்று முறையாகத் தட்டச்சு செய்வார்கள்; மற்றவர்கள் "மெ" எழுதி அடுத்து ளகரத்தைப் போட்டு "மெளரியர்" என்பார்கள். திரையில் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது கடினம். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். "ஔ"காரம் வரும் விடைகளில் இரண்டு வடிவங்களையும் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. "கார்பன் டை ஆக்சைடு" போன்ற விடைகளை இடைவெளி விட்டும் விடாமலும் எழுதிச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

ஆங்கில எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவங்களை வேறுபடுத்திப் பார்க்கச் சொல்லும் அமைப்பு தமிழ் விடைகளுக்குப் பொருட்டில்லை. வேதிக் குறியீடுகளுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்குங்கள்; கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாம் எழுத்தையும் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும்.

வினாவைத் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது

விடைப் பட்டியலில் புதிய வரியைச் சேர்த்தாலும், முன்பே முடிந்த தேர்வுகளின் மதிப்பெண் தானாக மாறாது. மறுமதிப்பீட்டை நாம்தான் ஓட்ட வேண்டும். 2022இல் வந்த மூடில் 4.0 பதிப்பு முதல், வினாவை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அதற்குப் புதிய பதிப்பு ஒன்று உருவாகிறது. தேர்வில் பழைய பதிப்பைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், என்னதான் திருத்தினாலும் மறுமதிப்பீடு பழைய விடைகளைக் கொண்டே நடக்கும்.

மறுமதிப்பீட்டை நேரடியாகச் செய்யாமல் முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. எந்தெந்த மாணவரின் மதிப்பெண் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு மாறும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். தேர்வின் புள்ளிவிவர அறிக்கையில், ஒவ்வொரு வினாவுக்கும் மாணவர்கள் எழுதிய விடைகளையும் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் காணலாம். அன்று "*வாயு" என்ற வரியைச் சேர்த்துவிட்டு அந்த ஒத்திகையை ஓட்டியிருந்தால், முறையிட வராத சிலரின் மதிப்பெண்ணும் சுழியத்திலிருந்து ஏறுவதை அப்போதே பார்த்திருப்பேன்.