மரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிரிட்ஜ வாங்குங்க: ட்ரெமலோ தேர்வுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமா எலக்ட்ரிக் கிட்டார் செய்ய உக்கார்றவங்க முக்கால்வாசி பேரு மொதல்ல மரம் பாக்குறாங்க, அப்புறம் நெக், அப்புறம் பிக்கப், என்ன கலர் அடிக்கலாம்னு ஒரு வாரம் யோசிக்கிறாங்க, எல்லாம் முடிஞ்சு பாடிய வெட்டின பிறகுதான் "சரி, ஒரு வாமி பார் வெச்ச பிரிட்ஜ் வாங்கணும்"னு ஆன்லைன்ல தேட ஆரம்பிக்கிறாங்க. பிரிட்ஜ்ங்கறது பாடி மேல ஸ்ட்ரிங்க தாங்குற உலோகப் பகுதி, அதுல ஒரு கம்பிய (வாமி பார்) அசைச்சு சுருதிய ஏத்தி இறக்குற வகைதான் ட்ரெமலோ. இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைங்க. நெக் பாக்கெட் (நெக் உக்கார்ற குழி) எவ்வளவு ஆழம் வரணும், பாடி எவ்வளவு தடிமன் இருக்கணும், பின்னாடி ஸ்பிரிங் குழி எப்படி வெட்டணும், நட்டு (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற, பள்ளம் போட்ட துண்டு) எந்த வகை, இதெல்லாத்தையும் முடிவு பண்றது பிரிட்ஜ்தான். அத கடைசில வாங்கினா மத்த எல்லாத்தையும் அதுக்காக திருத்தவேண்டி வரும், வெட்டின மரத்த திரும்ப ஒட்டவும் முடியாது.

நான் மொதல்ல செஞ்ச கிட்டார்ல நடந்தத சொல்றேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராடோகாஸ்டர்) மாடல் பாடி, ஒரு இடத்துல கிடைச்ச நெக், இன்னொரு இடத்துல வாங்குன ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜ். எல்லாத்துலயும் "ஸ்ட்ராட் டைப்"னுதான் போட்டிருந்துச்சு, அதனால பொருந்தும்னு நம்பிட்டேன். ஸ்ட்ரிங் மாட்டி வாசிச்சா 15வது ஃப்ரெட்டுக்கு மேல சின்ன ஈ ஸ்ட்ரிங்க லேசா கீழ்ப்பக்கமா இழுத்தாலே ஃப்ரெட் போர்டு ஓரத்துல வழுக்கி விழுது. ரெண்டு நாள் ஆக்‌ஷன (போர்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) ஏத்தி இறக்கிப் பாத்தேன், நட்டுல புது வெட்டு போட்டேன், ஒண்ணும் ஆகல. கடைசில வெர்னியர் அளவுகோல எடுத்து அளந்தப்பதான் தெரிஞ்சுது.

ஸ்ட்ரிங் ஸ்பேசிங்னு ஒண்ணு இருக்கு, முதல் ஸ்ட்ரிங் நடுவுல இருந்து ஆறாவது ஸ்ட்ரிங் நடு வரைக்கும் பிரிட்ஜ்ல உள்ள தூரம். பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட் அளவுல இது 56.4 எம்எம். ஆசியால தயாராகுற பல பிரிட்ஜ்ல 52.5 எம்எம், கோட்டோ கம்பெனியோட 510 வகைல 54, 52.5 ரெண்டும் கிடைக்கும். கேக்க நாலு எம்எம் வித்தியாசம்தானேன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. என் நெக்ல நட்டுல ஸ்ட்ரிங் பரப்பு 35 எம்எம், பிரிட்ஜ்ல 56.4, வித்தியாசம் 21.4. 22வது ஃப்ரெட் நட்டுல இருந்து ஸ்கேல் நீளத்துல (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் உள்ள ஸ்ட்ரிங் நீளம்) கிட்டத்தட்ட 72 சதவீத தூரத்துல இருக்கு, அது எந்த கிட்டாரா இருந்தாலும் அப்படித்தான். 21.4ல 72 சதவீதம் 15.4, அத 35ஓட கூட்டினா அந்த ஃப்ரெட்டுல ஸ்ட்ரிங் பரப்பு 50.4 எம்எம். நான் வாங்குன நெக் அந்த இடத்துல 54 எம்எம் அகலம்தான். அப்ப ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுறது வெறும் 1.8 எம்எம், ஃப்ரெட்டோட ஓரம் வேற சரிவா தேச்சிருக்கும், நெக்கும் ஒரு எம்எம் சாஞ்சு உக்காந்திருந்துச்சு. வேற எங்க போகும் ஸ்ட்ரிங்? அதே நெக்குக்கு 52.5 பிரிட்ஜ் போட்டிருந்தா ரெண்டு பக்கமும் 3 எம்எம்முக்கு மேல இடம் கிடைச்சிருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இந்தக் கணக்க போடுங்க, உங்க நெக்கோட கடைசி ஃப்ரெட் அகலத்த நீங்களே அளங்க, விக்கிறவங்க போட்ட தலைப்ப நம்பாதீங்க.

இதோட சேந்த இன்னொரு குழப்பம், ஸ்ட்ரிங் ஸ்பேசிங்கும் பிரிட்ஜ பாடில பிடிக்கிற ஸ்க்ரூ இல்லன்னா போஸ்ட் (திருகுத் தூண்) நிக்கிற தூரமும் ஒண்ணுன்னு நினைக்கிறது. ரெண்டும் வேற வேற. ரெண்டு போஸ்ட் வெச்ச ஃபெண்டர் வகைக்கு போஸ்ட் நடுவுக்கு நடு 56 எம்எம் கிட்ட வரும், ஃப்ளாய்ட் ரோஸுக்கு (ஸ்ட்ரிங்க ரெண்டு முனையிலயும் பூட்டுற ட்ரெமலோ) 74 எம்எம் கிட்ட வரும். ஏற்கனவே துளை போட்ட பாடி வாங்கினா எந்த தூரம்னு கேட்டே ஆகணும். அளக்குறப்ப நடுவுக்கு நடு கண்ணால பாத்து குத்துமதிப்பா சொல்லாதீங்க, ரெண்டு போஸ்ட்டோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வெர்னியர்ல அளந்து, அதுல ஒரு போஸ்ட்டோட விட்டத்த கழிங்க, சரியா வரும்.

அடுத்து என்ன மாதிரி ட்ரெமலோ வேணும்ங்கறது. இங்கதான் ஆசை அளவ மீறிடுது. 80கள்ல எடி வான் ஹேலன் வாசிச்சத கேட்டு வளந்தவங்களுக்கு ஃப்ளாய்ட் ரோஸ்தான் வேணும், தப்பில்ல, நட்டுலயும் சாடில்லயும் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற துண்டு) ஸ்ட்ரிங்க பூட்டி வெக்கிறதால பார எவ்வளவு கீழ அமுக்கினாலும் ட்யூனிங் திரும்பி வரும், அது உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. ஆனா அதுக்கு நட்டு இருக்கிற இடத்த மட்டமா வெட்டி பூட்டு நட்டு உக்கார வெக்கணும், அந்த நட்டு ஆர் 2, ஆர் 3, ஆர் 4ன்னு அளவு அளவா வருது, நெக் அகலத்துக்கு ஏத்தத எடுக்கலைன்னா மேல நான் சொன்ன அதே வழுக்கல் இங்க நட்டுப் பக்கத்துல வரும். பாடில மேலயும் பின்னாடியும் பெரிய குழி வெட்டணும். மொத கிட்டார் செய்றவங்க கைல ரவுட்டர் (மரம் குடையுற மெஷின்) பிடிச்சு பழகாம இருந்தா இத எடுக்காதீங்கன்னு நான் அழுத்தியே சொல்லுவேன்.

அதவிட முக்கியம், நீங்க வாசிக்கிறது என்ன. மிதக்குற பிரிட்ஜ், அதாவது பார மேலயும் இழுக்கலாம் கீழயும் அமுக்கலாம்னு செட் பண்ணது, ஒரு தராசு மாதிரி. ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இழுக்குது, மறுபக்கம் பின்னாடி ஸ்பிரிங் இழுக்குது. 10-46 தடிமன் ஸ்ட்ரிங் செட் போட்ட ஸ்ட்ராட்ல ஆறு ஸ்ட்ரிங்கும் சேந்து இழுக்குறது சுமார் 46 கிலோ, 9-42ன்னா சுமார் 38 கிலோ. ஒரு ஸ்ட்ரிங்க விரலால இழுத்து பெண்ட் பண்ணா அந்தப் பக்க எடை கூடி பிரிட்ஜ் முன்னாடி சாயும், மத்த அஞ்சும் சுருதி இறங்கும். ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மீதி எல்லாம் மேல ஏறிடும். ட்ராப் டி ட்யூனிங் (தடிமனான ஈ ஸ்ட்ரிங்க டிக்கு இறக்குறது) பாட்டுக்குப் பாட்டு மாத்துறவங்களுக்கு இது தலைவலி. நம்ம பக்கம் எலக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கிற பசங்க இத கவனிக்கவே மாட்டேங்குறாங்க: கீழ ஒரு திறந்த ஸ்ட்ரிங்க சுருதிக்கு மீட்டிக்கிட்டே மேல தந்திய இழுத்து கமகம் பிடிச்சா, ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த சுருதி தந்தி கீழ நழுவும், ஷட்ஜமமே ஆடிப்போகும். அவங்களுக்கு பிரிட்ஜ் பாடி மேல ஒட்டி உக்காந்து கீழ மட்டும் அமுங்குற மாதிரி செட் பண்ணணும், இல்லன்னா ட்ரெமலோவே இல்லாத ஹார்ட்டெயில் போடணும். பார் இல்லாத கிட்டார்னா என்னமோ குறைனு நினைக்காதீங்க.

உயரம். ஸ்ட்ராட் கணக்குல நெக் அடிப்பாகம் 25.4 எம்எம், பாக்கெட் ஆழம் 15.9, அதனால போர்டு மேற்பரப்பு பாடிக்கு மேல 9.5 எம்எம் தூக்கி நிக்கும். இந்த அளவு ஸ்ட்ராட் வகை பிரிட்ஜுக்கு ஒத்துப்போற அளவு. இதே பாடி மேல ஃப்ளாய்ட மிதக்க விட்டா ஸ்ட்ரிங் ரொம்ப மேல போயிடும், ஒண்ணு பிரிட்ஜுக்கு கீழ மரத்த குடைஞ்சு உள்ள இறக்கணும், இல்ல நெக்க உயர்த்தணும் இல்ல லேசா சாய்க்கணும். பிக்ஸ்பி, ஜாஸ்மாஸ்டர் வகை ட்ரெமலோவுக்கும் நெக் சாய்வு வேணும், அங்க ஸ்ட்ரிங் பிரிட்ஜ் மேல போதுமான அளவு மடங்கி அழுந்தலைன்னா வாசிக்கிறப்ப பள்ளத்த விட்டு தாவும், சத்தமும் வெட்டு விழுந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் பாக்கெட் வெட்டின பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

பாடி தடிமனும் அப்படித்தான். ஸ்ட்ராட் பாடி 44.5 எம்எம் கிட்ட இருக்கும், பழைய அளவு பிளாக், அதாவது பிரிட்ஜுக்கு கீழ தொங்குற கட்டி, சுமார் 41 எம்எம் நீளம். நம்ம ஊரு மரக்கடைல இழைச்சு வாங்குன பலகை 40 எம்எம் வந்தா பிளாக் பின்னாடி எட்டிப் பாக்கும், மூடி போட முடியாது, சட்டைல உரசும். ஃப்ளாய்ட்ல 32, 37, 42ன்னு பிளாக் ஆழம் பல அளவுல கிடைக்கும், பலகைய இழைச்ச பிறகு அளந்து வாங்கணும்.

மரத்தோட மென்மைய பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இது உடனே தெரியாத தப்பு. ரெண்டு போஸ்ட் பிரிட்ஜ்ல அந்த 40 கிலோ சொச்ச இழுப்பு மொத்தமும் ரெண்டே ரெண்டு உலோக உருளை வழியா மரத்துல இறங்குது. பவுலோனியா மாதிரி பஞ்சு மரத்துல, எடை கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு நான் ஒண்ணு செஞ்சேன், ஒரு மாசத்துல ட்யூனிங் தினம் தினம் நழுவ ஆரம்பிச்சுது, ட்யூனர குறை சொன்னேன், நட்ட குறை சொன்னேன். ஒரு நாள் வெளிச்சத்துக்கு எதிரா பக்கவாட்டுல வெச்சுப் பாத்தா ரெண்டு போஸ்ட்டும் நெக் பக்கமா சாஞ்சு நிக்குது, புஷ்ஷிங்குக்கு (போஸ்ட் உக்கார்ற உலோகக் குழாய்) பின்னாடி பிறை நிலா மாதிரி மெல்லிசா ஒரு இடைவெளி, நகம் நுழையுற அளவு. அந்த இடத்த பெருசா துளைச்சு மேப்பிள் கட்டை அடிச்சு ஒட்டி, காஞ்ச பிறகு மறுபடி துளை போட்டேன், அதுக்கப்புறம் அசையல. மென்மையான மரம்தான் வேணும்னா இந்த வேலைய மொதல்லயே பண்ணிடுங்க. துளைய கை ட்ரில்ல போடாதீங்க, நிக்கிற ட்ரில் பிரஸ் உள்ள பட்டறைக்கு கொண்டு போங்க. ஃப்ளாய்டுக்கு இன்னும் ஒண்ணு, 74 எம்எம்ல நிக்கிற போஸ்ட், பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர் பிக்கப் குழியோட மூலைக்கு ரொம்ப கிட்ட வரும், நடுவுல மரம் மெல்லிசா நின்னா அந்த இடம்தான் மொதல்ல விரிசல் விடும்.

விலை குறைவான பிரிட்ஜ் எல்லாமே மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க குறைச்சிருக்காங்கன்னு பாக்கணும். போஸ்ட்ல உரசி நிக்கிற கத்தி முனை மாதிரியான ஓரம் இருக்கே, அது வார்ப்பு ஜிங்க்ல இருந்தா சீக்கிரம் மழுங்கும், மழுங்கினா பிரிட்ஜ் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற இடத்துல வந்து உக்காரும், ட்யூனிங் போச்சு. கெட்டிப்படுத்தின ஸ்டீல் அடித்தட்டு உள்ளதுக்கு காசு கூட குடுக்கலாம், தங்கக் கலர் முலாமுக்கு குடுக்காதீங்க. நல்ல முனைய நாமளே கெடுக்குறதும் நடக்குது, ஸ்ட்ரிங் முழு இழுப்புல இருக்கும்போதே போஸ்ட்ட திருகி உயரம் மாத்துறாங்க. ஸ்ட்ரிங்க தளர்த்திட்டு திருகுங்க. ஆறு ஸ்க்ரூ வகைல ஆறையும் இறுக்கி முடிச்சுடுறதும் தப்பு, தட்டு ஆட லேசா இடைவெளி வேணும்.

வாமி பார தனியா வாங்குறவங்க த்ரெட்ட பாருங்க. அமெரிக்க ஃபெண்டர் வகைல 10-32ங்கற அங்குலக் கணக்கு, ஆசிய பிரிட்ஜ்ல பெரும்பாலும் 5 இல்லன்னா 6 எம்எம். ஒண்ணுக்குள்ள இன்னொண்ண பலவந்தமா திருகினா பிளாக்கே வீண். கடற்கரை ஊர்ல இருக்கிறவங்க, சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம், சாடில்ல இருக்கிற சின்ன ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்ஸான்னு கேட்டு வாங்குங்க, உப்புக்காத்துல சாதா ஸ்டீல் ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஆலன் கீ வழுக்குற அளவு ஆயிடும். ஸ்பிரிங் மாட்டுற கொக்கித் தட்டுக்கு எர்த் வயர் போக துளை விட மறந்துடாதீங்க, பெயிண்ட் அடிச்ச பிறகு நீள ட்ரில் பிட்ட வெச்சு துளைக்கிறது பயமான வேலை.

எங்க வெக்கணும்ங்கறதுக்கு வருவோம். ஸ்கேல் 648 எம்எம்னா நிறைய பேரு போஸ்ட்டயோ ஸ்க்ரூவயோ சரியா 648ல நட்டுடுறாங்க. அந்த அளவுல நிக்கவேண்டியது சாடில், போஸ்ட் இல்ல. போஸ்ட் கோடு நட்டுப் பக்கமா தள்ளி வரும், எவ்வளவுன்னு அந்தந்த பிரிட்ஜோட வரைபடத்துல இருக்கும். சாடில்லயும் சின்ன ஈ கிட்டத்தட்ட 648லயே நிக்கும், தடிமனான ஈ இன்னும் சில எம்எம் பின்னாடி போகணும், அதனால பின்னாடி நகர இடம் இருக்கணும். நான் இப்ப பண்றது இதுதான்: நெக்க பாக்கெட்ல கிளாம்ப் போட்டு பிடிச்சிட்டு, சின்ன ஈ சாடில்ல முன்னாடி முக்கால்வாசி தள்ளி வெச்சு, பிரிட்ஜ மாஸ்கிங் டேப் ஒட்டின பாடி மேல வெக்கிறேன். நட்டோட ரெண்டு ஓரப் பள்ளத்துல இருந்து ரெண்டு தையல் நூல சாடில் வரைக்கும் இழுத்து கட்டுறேன். கடைசி ஃப்ரெட்டுல நூலுக்கும் போர்டு ஓரத்துக்கும் உள்ள தூரத்த ரெண்டு பக்கமும் வெர்னியர்ல பாக்குறேன், சமமா வர்ற வரைக்கும் பிரிட்ஜ அங்க இங்க நகத்துறேன், நட்டுல இருந்து சாடில் 648 இருக்கான்னு மறுபடி ஸ்கேல் வெச்சுப் பாக்குறேன். ரெண்டும் ஒத்து வந்த பிறகுதான் டேப் மேல பென்சில் புள்ளி.