தண்ணீரை அல்ல, வியர்வையை மிச்சம் பிடியுங்கள்

வறண்ட பகுதிகளில் பயணம் செய்யும்போது பலர் செய்யும் தவறு, குடிக்கிற தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டுவது. பாட்டிலில் தண்ணீர் இருக்கும்போதே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கடும் வெயிலில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர்கூட வியர்வையாகப் போய்விடும். எனவே மிச்சம் பிடிக்க வேண்டியது அதைத்தான். விடிகாலையில் நடங்கள், உச்சி வெயிலில் நிழல் கிடைத்தால் அசையாமல் உட்காருங்கள். சட்டையைக் கழற்றினால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் வியர்வை சட்டென்று காய்ந்து உடம்பு இன்னும் வேகமாக வற்றும். தளர்வான முழுக்கைச் சட்டையே நல்லது.

சரி, கழுவுகிற தண்ணீர்? இங்கே தாராளமாகக் கஞ்சனாக இருக்கலாம். ஒரு பழைய பாட்டில் மூடியில் ஊசியால் நான்கைந்து துளை போட்டு, பாட்டிலை அமுக்கினால் மெல்லிய தாரையாக வரும். முகம், கை கழுவ ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு அப்புறம் அலசுங்கள். தங்கும் அறையில் ஷவர் வேண்டாம், வாளி போதும். ஷவர் 2 நிமிடத்தில் ஒரு வாளியைக் காலி செய்துவிடும்.

தண்ணீரை ஒரே கேனில் வைக்காமல் இரண்டு மூன்று பாட்டில்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் கணக்குப் பார்க்காமல் தண்ணீர் குடியுங்கள்.